வானத்தில் ஒரு பை

காரைக்குடி செக்காலை ரோட்டில்
ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடி.
‘நாற்பத்தைந்தே நாளில் சரளமான ஆங்கிலம்’
போர்டு எழுதி மாட்டியவன் நான்தான்.
அன்றைக்கு அறுபத்திரண்டாம் நாள்.
யாரும் கணக்குக் கேட்கவில்லை.

மாலை வகுப்புக்கு ஏழு பேர்.
கைடில் அன்று மரபுத்தொடர்.
பலகையில் எழுதினேன்:
பை இன் த ஸ்கை.
நடக்காத ஆசைக்குச் சொல்வது.
ஆளுக்கொரு வாக்கியம் எழுதி வாருங்கள்,
வீட்டில் பேசுகிற மாதிரி இருக்கணும் என்றேன்.

“வானத்துல எதுக்கு சார் பை?”
அழகுமீனாள் கேட்டாள்.
அவள் மடியில் கிடந்தது
ஏதோ கல்யாணத்தில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த மஞ்சள் பை.
மாப்பிள்ளை பெயர் அழிந்து
பெண்ணின் பெயர் மட்டும் மிச்சம்.
எல்லோரும் அண்ணாந்தார்கள்.
கரண்ட் இல்லாமல் நின்றிருந்த ஃபேன்.

அந்தப் பை இல்லை, இது தின்பது.
எப்படி இருக்கும் என்றார்கள்.
நான் தின்றதில்லை.
மாவுக்குள்ளே பழம் வைத்து... என்று இழுத்தேன்.
“சோமாசியா சார்?”
“இல்லை.”
“கொழுக்கட்டை?”
“கிட்டத்தட்ட.”
இந்த ஒரு சொல்லை வைத்துத்தான்
பாதிப் பாடம் ஓட்டியிருக்கிறேன்.

மறுநாள் நோட்டுகள் வந்தன.
மச்சான் கோலாலம்பூரில் கடை வைப்பது
பை இன் த ஸ்கை என்று ஜைனுலாபுதீன்.
பொன்னழகு, பூட்டிய வீடு ஒன்றுக்கு வாட்ச்மேன்.
முப்பத்தாறு பங்காளிகளும் ஒரே நாளில் வந்து
கையெழுத்துப் போடுவதாம்.
தம்பி காலை ஆறு மணிக்கு எழுவதை
எழுதியிருந்தாள் உமையாள்.
ஸ்கையில் ஒரு எழுத்து குறைந்து
தம்பி ஸ்கீயில் எழுந்திருந்தான்.

திருத்தத் திருத்த ஒன்று தட்டுப்பட்டது.
மச்சான், பங்காளி, தம்பி, எதிர்வீட்டுக்காரி.
எந்த நோட்டிலும் ‘நான்’ இல்லை.
அடுத்தவர் ஆசை என்றால்தான்
இந்தச் சொல் நாக்கில் வருகிறது.
தன் ஆசைக்குப் பெயர் பிளான்.
முயற்கொம்பு என்று முதலில் சொன்ன ஆளும்
பக்கத்து வீட்டு முயலைப் பார்த்தே
சொல்லியிருக்க வேண்டும்.

கடைசியில் அழகுமீனாள் நோட்டு.
சிங்கப்பூர் விசா மூன்று தடவை திரும்பியது தெரியும்.
ஏஜென்ட் கையில் போன எண்பதாயிரமும்,
அதற்காகக் கழுத்திலிருந்து இறங்கியதும் தெரியும்.
எழுதியிருந்தாள்:
மை விசா இஸ் பை இன் த ஸ்கை.
ஐ ஆம் ஹங்கிரி.

சிவப்புப் பேனாவை மூடினேன், திறந்தேன்.
முற்றுப்புள்ளிகூட இடத்தில் இருந்தது.
என் வகுப்பில் எழுதப்பட்ட
முதல் பிழையில்லாத ஆங்கிலம்.
‘குட்’ எழுதப் போய்
ஜி போட்டு, அடித்து,
டிக் மட்டும் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை சேவுகன் லேட்.
கானாடுகாத்தான் ஹோட்டலில் சமையல்.
வகுப்பில் வாய் திறக்காதவன்,
நோட்டும் வெறும் தாள்.
கையில் அலுமினியத் தாள் மூடிய தட்டு.
பிரெஞ்சுக்காரர்கள் வருவதாக இருந்து வரவில்லையாம்.
“சார், இதான் பை” என்றான்.
“தெனம் போடுறேன். வானத்துல இல்ல,
கீழ் அடுப்புல நாப்பது நிமிஷம்.”

ஸ்கேலைக் கழுவி எட்டாக வெட்டினோம்.
ஆப்பிள், பட்டை வாசம், அடியில் கொஞ்சம் கருகல்.
“இதுக்குப் போயா அம்புட்டு உசரம்?
நம்ம கந்தரப்பம் தேவலை”
என்று பொன்னழகு இரண்டாம் துண்டு தேடினார்.
சேவுகன் எங்கள் வாய்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அழகுமீனாள் தின்னவில்லை.
நோட்டுத் தாளில் சுற்றி
மஞ்சள் பைக்குள் வைத்தாள்.
“பைக்குள்ள பை” என்று தானே சிரித்து,
எட்டே காலுக்குக் கடைசி பஸ் என்று
படியில் தடதடவென இறங்கிப் போனாள்.

நாற்பத்தைந்தை அழித்துத் தொண்ணூறு என்று எழுதணும்.
ஜெராக்ஸ்காரரிடம் ஏணி இருக்கிறது.
தினமும் அதைத் தாண்டித்தான்
மாடி ஏறுகிறேன்.