பாகம் எண் 183

பெட்டி காலத்தில் ஒரு நிம்மதி இருந்தது.
அரக்கு வைத்து, நூல் கட்டி, ஜீப்பில் ஏற்றிக்
கடலூர் கொண்டுபோய்
எங்கள் சீட்டுகளைப் பக்கத்து ஊர்ச் சீட்டுகளோடு
ஒரே டிரம்மில் கொட்டிக் கலக்குவார்கள்.
கீழ்ச்செம்மேடு யாருக்குப் போட்டதென்று
கீழ்ச்செம்மேட்டுக்கே தெரியாது.
தோற்றவர் முறைக்க வழியில்லை.
ஜெயித்தவர், எப்படியும் வரமாட்டார்.

ஒரு தேர்தலுக்கு முன்
வரைபடத்தில் யாரோ பென்சிலை நகர்த்தினார்கள்.
முந்திரித்தோப்பு அங்கேயே இருந்தது,
பண்ருட்டி பஸ் நிற்கும் புளியமரமும்.
நாங்கள் மட்டும் வேறு தொகுதி.
பழைய எம்.பி. செத்தபோது
மாலை வாங்குவதா வேண்டாமா என்று
கூட்டம் போட்டோம்.
வாங்கினோம். சின்னதாக.

பிறகு மெஷின் வந்தது.
மெஷினுக்குக் கலக்கத் தெரியாது.
முடிவு வந்த மறுவாரம் ஒன்றியச் செயலாளர்
தாளை விரித்து 183-ல் விரலை வைத்தார்:
"முப்பத்தெட்டு குறையுது. எந்தத் தெரு?"
மூன்று வருஷம்
கிழக்குத்தெருக் கம்பத்தில் பல்பு எரியவில்லை.

ஐந்து எம்.பி. எலெக்‌ஷன்
நான் உள்ளே உட்கார்ந்திருக்கிறேன், கட்சி ஏஜென்ட்.
பெயர் வாசிக்க வாசிக்கப் பட்டியலில் கோடு போடுவேன்.
செத்தவர் யார், திருப்பூர் போனவர் யார்,
எல்லாம் மனப்பாடம்.
அட்டை மறைப்புக்குள் போகிற நடையைப் பார்த்தே
இன்னார் இன்ன சின்னம் என்பேன்.

போன தடவை பதினான்கு பேர்.
பதினோராவது கொளஞ்சிநாதன், சுயேச்சை,
விருத்தாசலம் பக்கத்து ஆள்.
போர்வெல் லாரியில் குழாய் இறக்கியவன்.
சின்னம் அடிபம்பு.
ஒரே ஒருமுறை டி.வி.எஸ். ஃபிப்டியில் வந்தான்,
ஹேண்டில்பாரில் கட்டிய மைக்கோடு.
"எங்கப்பன் காலத்துல நாப்பது அடி.
போன மாசம் உங்க தோப்புல எழுநூறு இறக்குனேன்,
தூசிதான் வந்துச்சு.
அங்க சுரங்கத்துல ராப்பகலா இறைச்சு ஓடையில வுடுறாங்க.
எனக்குப் போட்டா தண்ணி வரும்னு சொல்லமாட்டேன்.
ஆழம் எவ்ளோன்னு சொல்ல வந்தேன்."
சிரித்தார்கள்.
நானும்.

பாகம் எண் 183. அடிபம்பு: ஒன்று.

காணாமல்போன ஆட்டைத் தேடுவதுபோல
ஊர் அந்த ஒன்றைத் தேடியது.
டீக்கடையில் கணக்குப் போட்டார்கள்.
அஞ்சலாட்சி மேல் வந்து நின்றது:
விருத்தாசலத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த புதுப்பெண்,
அவளுக்கும் அவனுக்கும் ஒரே சனம்.
ஐயனார் எதிரே கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து
அணைத்தாள், நான் இல்லையென்று.
கை சிவந்திருந்தது.
கும்பலில் மூன்றாம் வரிசையில் நின்றேன்,
வாயைத் திறக்கவில்லை.

அன்று காலை ஏழு ஐந்துக்கு
என் முறை. ஏஜென்ட் முதலில் போடுவது வழக்கம்.
விரல் நேராகக் கட்சிக்குத்தான் போனது.
போய், கீழே இறங்கியது.
பீப் என்றது. கண்ணாடிக்குள்
ஏழு நொடி நின்றது அடிபம்பு,
கைப்பிடி உயர்ந்து, மூக்கிலே தண்ணீர் இல்லாமல்.
அறுந்து விழுந்தது.
திரும்பி வந்து
என் பெயருக்கு நானே கோடு போட்டேன்.

ஆனி மாதம் கொளஞ்சிநாதன் வந்தான்.
டெபாசிட் போன ஆள் யாரும்
அதுவரை திரும்பி வந்ததில்லை.
"இந்த ஊர்ல ஒருத்தர் போட்டிருக்காரு.
யாருன்னு கேக்கல. சும்மா பாத்துட்டுப் போவலாம்னு."
பள்ளிக்கூடத்து அடிபம்பை இரண்டு தடவை அடித்துப் பார்த்தான்.
காற்று வாங்கியது.
வாஷர் போயிருக்கு என்றான் முதலில்,
பிறகு, வாஷர் இல்ல என்றான்.

தாகம் என்றதும் உள்ளே போய்
இருபது ரூபாய் கேனைச் சரித்துச் சொம்பில் பிடித்தேன்.
அண்ணாந்து குடித்தான்.
அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
"நீங்க எந்தக் கட்சிண்ணே?"
சட்டைப்பையில் குத்தியிருந்த பேட்ஜைக் காட்டினேன்.
தலையாட்டிவிட்டு வண்டியை உதைத்தான்.

அஞ்சலாட்சி வீட்டுப் படலைத்
தாண்டித்தான் அவன் போகவேண்டும்.
அவள் வாசலில் நின்றாள்.
அவளைப் பார்த்து அவன்
கும்பிட்டுவிட்டுப் போனதை
எதிர்வீட்டிலும் பார்த்தார்கள்.