ஐந்நூற்றைம்பது டிகிரி, அரை மணி

வாலிநோக்கம் உப்பளத்துக்கு அப்பால்
அலை தெறிக்கும் தூரத்தில்
சட்டத்தில் இருபத்தொரு தகடுகள் தொங்குகின்றன.
உள்ளங்கை அளவு. எண் குத்தியது நான்.

இருபது வரை ஒரே பிறப்பு:
பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கியவை.
ஊசி ஊசியாய் உள்ளே விறைத்ததை
சூடு காட்டாமல் உருளைகளுக்கு நடுவே விட்டோம்,
பாதி கனம் ஆகும்வரை.
உருளை முனகியது. கூடத்தில் விளக்கு மங்கியது.
வெளியே வந்த தகட்டுக்குள்
இழுபட்டு, மடங்கி, ஒன்றின்மேல் ஒன்று ஏறிய
கோபம் மட்டும்.

பிறகு உலை.
அந்தக் கோபத்திலிருந்தே புது மணிகள் முளைக்கும்.
எங்கும் ஒரே நேரத்தில் முளைப்பதால்
எதற்கும் வளர இடமில்லை.
ஒரு தலைமுடியின் குறுக்கே நூறு மணி,
நூற்றுக்கும் வரப்பு.
விரிசல் ஒவ்வொரு வரப்பிலும் நின்று
வழி கேட்டுத்தான் போக வேண்டும்.

இருபத்தொன்று வேறு.
உலைக்கு நின்ற சூசைமிக்கேலுக்கு
பெண் பார்த்த வீட்டிலிருந்து போன்.
பேசி முடித்தபோது எழுநூறு காட்டியது.
பெரியது சின்னதைத் தின்று
தொப்பை வைத்த மணிகள்.
வளைத்தால் முதுகு சாத்துக்குடித் தோலாய்ப் பொருமும்.
கல்யாணம் நல்லபடியாக நடந்தது.
தகட்டை எறிய மனமில்லை,
அதையும் மாட்டிவிட்டேன்.

கடலிடம் நுண்ணோக்கி இல்லை.
ஆனி ஆடிக் காற்று எட்டு வாரம் அடித்த பிறகு
இருபதும் இருபத்தொன்றும் ஒரே செம்பழுப்பு,
தேய்த்தால் விரலில் ஒரே மாவு.
அறிக்கையில் இதை எழுதியாக வேண்டும்.

சுரண்டிக்கொண்டிருந்தேன்.
பாத்தியிலிருந்து முத்திருளாயி ஏறி வந்தாள்,
கலக்காமல் விட்ட உப்பு
பல் பல்லாய் அவள் காலடியில் நொறுங்க.
"இத வச்சு என்னதான் செய்றீக?"
சொன்னேன். மணி, வரப்பு, வலு.
பதினெட்டை எடுத்து முழங்காலில் வைத்து அழுத்தினாள்.
அசையவில்லை.
இருபத்தொன்று லேசாய் இணங்கியது.
"இதுல மம்பட்டி அடிச்சா எத்தன மாசம் வரும்?
எனக்கு எட்டு மாசந்தான் வருது."

துருவுக்கென்றால் இதுவும் எட்டுதான், என்றேன்,
உடைவதற்கென்றால்...
"ஒடையிறதில்லய்யா. அரிச்சு அரிச்சு
தேஞ்சுதான் போகுது."

அவள் இறங்கிப் போன பிறகு
நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதைக் குறித்தேன்,
எண் போடாமல்.

அடுத்த முறைக்கு
மம்பட்டி அகலத்தில் ஒரு தகடு கேட்டிருக்கிறேன்.
உருளைக்கு அவ்வளவு அகலம் இல்லை என்று
பதில் வந்திருக்கிறது.