ரிட்டன் சப்ளை

ஊதியூர் ஃபீடரை நிறுத்தி
லைன் கிளியர் வாங்கித்தான் ஏறினேன்.
யாரும் தப்புச் செய்யவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.
ஆவணி முகூர்த்தம். மண்டபம் இருட்டில்.
அருமைக்காரர் மைக்கைத் தட்டித் தட்டிப் பார்க்கிறார்.
யாரோ ஒரு புண்ணியவான் ஜெனரேட்டரை ஓட்டிவிட்டான்.
சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாத மண்டபம்.
தாலி ஏறுகிற நேரத்தில்
அவர்கள் வெளிச்சம் பின்வாசல் வழியாக நடந்து வந்து
டிரான்ஸ்ஃபார்மருக்குள் பதினோராயிரமாகப் பெருகி
என் இடது கைக்குள் நுழைந்தது.

நாலு நிமிடம் என்கிறான் திருமூர்த்தி.
மார்பைக் குத்தி விலா இரண்டை ஒடித்து
என்னைத் திருப்பி எடுத்தவன்.
அவன் கணக்கு சரியாகத்தான் இருக்கும்.

நான் பார்த்தது:
பெல்ட்டில் தொங்குகிற ஓர் ஆள்.
உச்சந்தலையில் காசளவு சொட்டை,
அது எனக்கு இருப்பதே அன்றுவரை தெரியாது.
மஞ்சள் ஹெல்மெட் சோளக்காட்டுக்குள் உருண்டு போகிறது.
தாராபுரம் பக்கத்துக் காற்றாலைகளை
ஒவ்வொன்றாக எண்ண முடிகிறது.
கிளுவை வேலிக்கு அந்தப்புறம், கொறங்காட்டில்,
புல்லை மென்றபடி ஒரு வெள்ளாடு அண்ணாந்து பார்த்தது.
என்னையா, தொங்குகிறவனையா?
வலி இல்லை. பயம்கூட இல்லை.
அப்புறம் வெள்ளை.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள்
ஆளுக்கொரு சாமியோடு வந்தார்கள்.
காட்சி கொடுத்தது சிவன்மலையா சென்னிமலையா என்று
பங்காளிகள் இரண்டு கட்சி.
எல்லாரும் போன பிறகு
மிக்சர் பொட்டலத்தை மடித்துக்கொண்டே மயிலாத்தாள் கேட்டாள்:
"ஏனுங்க, அங்க நம்ம பையன் இருந்தானுங்களா?"
டெங்குவில் போனவன். ஒன்பது வயது.
பொய் வாய் வரைக்கும் வந்தது.
"சொட்டைதான் தெரிஞ்சுது அம்மிணி."
அவள் சிரிக்கவில்லை, அழவுமில்லை.
பொட்டலத்தை இன்னொரு மடிப்பு மடித்தாள்.

சப்ஸ்டேஷன் ஆபரேட்டர் யசோதரை
குடும்பத்தோடு தீட்சை வாங்கியவள்.
பேனல் போர்டு ஓரத்தில் தீப்பெட்டி அளவு புத்தர்.
பௌர்ணமியன்று மத்தியானத்தோடு சாப்பாட்டை நிறுத்திக்கொள்வாள்.
லாக் புக்கைத் திருப்பிக் காட்டினாள்:
11.42, லைன் கிளியர் கொடுக்கப்பட்டது.
"இதுக்கு மேல என்ற கையில ஒண்ணுமில்லீங்கண்ணா."

மேலே நின்று பார்த்தது என் உயிர்தானே, என்றேன்.
"பிரேக்கரை இழுத்தா, லைன்ல இருந்த கரண்ட்
எங்கீங்கண்ணா போகுது? கெழக்கயா, மேக்கயா?"

முப்பது வருடம் கம்பி பிடித்தவன்.
அந்தக் கேள்வியே பிசகு என்று எனக்குத் தெரியாதா?
கம்பிக்குள் யாரும் குடியிருப்பதில்லை.
சுற்று மூடினால் உண்டு. திறந்தால் இல்லை.

"பார்வை இருந்துச்சு, சரிங்க.
பார்த்தவன்னு தனியா ஒருத்தனை
எதுக்கு மறுபடி கம்பத்துல ஏத்தறீங்க?
ஒருத்தன் தொங்குனது பத்தாதா?"

நான் விடவில்லை.
நெஞ்சு நின்ற பிறகும் பார்வை இருந்ததே, அது?
வெகுநேரம் மீட்டர் முள்ளையே பார்த்திருந்தாள்.
"தெரியலீங்கண்ணா. படிச்சதைத்தான் சொல்றேன்.
நான் செத்துப் பாத்ததில்லீங்களே."

இப்போது இரண்டு பக்கமும் எர்த் ராடு மாட்டாமல்
கம்பத்தில் கால் வைப்பதில்லை.
அந்த மண்டபத்துக்குச் சேஞ்ச் ஓவர் மாட்டியதும் நான்தான்,
இடது கையில் மிச்சமிருந்த மூன்று விரலால்.
அன்று தாலி வாங்கிய பெண்
முழுகாமல் இருக்கிறாளாம், வாட்ச்மேன் சொன்னான்.
வீட்டில் சொன்னேன்.
மயிலாத்தாள் அடுப்பைக் குறைத்துவிட்டு
எத்தனை மாசம் என்று மட்டும் கேட்டாள்.

நேற்று ராத்திரி ஊரே அணைந்தது.
ஃபேன் உடனே நிற்கவில்லை.
இருட்டில் அதன் கிறீச்சொலி
நீண்டு, இடைவெளி விட்டு, இன்னும் நீண்டு.
அவள் தூங்கிவிட்டாள் என்றிருந்தேன்.
"பதினாலு," என்றாள்.
"கரண்ட் போன பொறகும் பதினாலு சுத்து."

அப்புறம் இருவருக்கும் வேர்க்கத் தொடங்கியது.