தொண்ணூற்று நான்கு

நான் கோபாலபுரத்தில் பால் பாக்கெட்டை
ஓரம் கடித்துப் பிரித்துக்கொண்டிருந்த அதே ஐந்து பன்னிரண்டுக்கு
நல்லேப்பிள்ளித் திருப்பத்தில்
தொண்ணூற்று நான்கு கிலோமீட்டர் வேகத்தில் போயிருக்கிறேன்.
குறுஞ்செய்தி அப்படித்தான் சொல்கிறது, மலையாளத்தில்.
அபராதம் ஆயிரத்து ஐந்நூறு.

படமும் வந்தது.
டிஎன் நாற்பத்தொன்று. சாம்பல் நிற ஆல்ட்டோ.
இடது கண்ணாடிக்கு நான் சுற்றிய கறுப்பு டேப்
இன்னும் பிரியாமல் இருக்கிறது.
ஓட்டுகிறவர் முகம் இருக்க வேண்டிய இடத்தில்
ஒரு கை அளவு வெளிச்சம்.

எதிரே வரும் லைட்டு கண்ணுக்கு ஆகவில்லை என்று
ஆவணியில் விற்றேன். ரொக்கம், எழுபத்தெட்டாயிரம்.
"நாளைக்கே பேரு மாத்தாம் சேச்சி"
என்றார் செந்தாமராக்ஷன்.
இப்போது மாசி.
அவருடைய நாளை
செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம் எங்கோ நிற்கிறது.

இது நான்காவது சலான்.
காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்துக்கொண்டே வந்ததில்
என் கார் போகிற ஊர்கள் தெரிந்தன.
தத்தமங்கலம், கொடுவாயூர்,
ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலத்தூர் வரைக்கும்.
நான் அதைக் கூட்டிப்போனது பொள்ளாச்சிக்கு மட்டும்.
அதுவும் நாற்பதில்.
பின்னால் வரும் லாரிக்காரன்
ஹாரனிலேயே என் வம்சத்தை விசாரிப்பான்.

இருதயராஜ் பாலிசித் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"மார்ச்சோட முடியுதுங்க.
ஆர்சி உங்க பேர்ல இருக்குற வரைக்கும்
அந்தாளு யார் மேல கொண்டுபோய் வுட்டாலும்
கோர்ட்டு உங்களைத்தானுங்க கூப்பிடும்.
சலான் நிலுவையில கெடந்தா
பிரீமியத்தை ஏத்துவாங்கன்னு வேற
ஒரு பேச்சு ஓடிட்டிருக்குது."
அப்புறம் குரலை இறக்கி,
"அஞ்சு வருச நோ கிளெய்ம் போனஸ் வச்சிருக்கீங்க.
பாதிக்குப் பாதி கழியும்.
பாழாப் போயிரக் கூடாது பாருங்க."

எதுவும் நடக்காமல் இருந்ததற்குக் கொடுக்கிற பரிசு அது.
எனக்கு நிறையவே சேர்ந்திருக்கிறது,
கார் விஷயத்தில் மட்டுமல்ல.

படிவம் இருபத்தொன்பதும் முப்பதும் வாங்கிக்கொண்டு
பஸ் ஏறிக் கொழிஞ்சாம்பாறை போனேன்.
திட்டுவதற்கு நான்கு வாக்கியம் தயார்.
இரண்டு மலையாளத்தில்.

பேக்கரிக்குப் பின்னால் நின்றது என் கார்.
பின்சீட்டைக் கழற்றிவிட்டுத்
தட்டுத்தட்டாகப் பன் அடுக்கியிருந்தார்கள்.
"ஆறு மணிக்கு முன்னாடி கடையில எத்தணும் சேச்சி.
சூடு போனா எடுக்க மாட்டான்."
முழங்கை வரை மாவு அவருக்கு.
நான்கு வாக்கியத்தில் ஒன்றைத்தான் சொன்னேன்,
அதையும் பாதியில் விட்டேன்.

ஆறாயிரத்தை எண்ணிக் கொடுத்தார். நோட்டெல்லாம் மைதா.
கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு விரல் வெள்ளை.
"என்ஓசிக்குப் பொள்ளாச்சி வரணும்.
நாளைக்கு இல்லை, திங்கட்கிழமை" என்றேன்.
சிரித்தார்.

செக்போஸ்ட் வரை கொண்டுவிடுகிறேன் என்றார்.
அந்தக் காரில் இடப்பக்கம் நான் உட்கார்ந்தது
அன்றுதான் முதல்முறை.
சர்க்கரையும் ஈஸ்ட்டும் மணந்தது.
என்னிடம் ஐம்பதைத் தாண்டியறியாத முள்
எண்பதுக்குச் சர்வசாதாரணமாகப் போய்,
கம்பத்தில் காமெரா தெரிந்ததும்
நாற்பத்தைந்துக்குத் தலையைத் தாழ்த்தியது.

தாண்டின பிறகும் அவர் நாற்பத்தைந்திலேயே ஓட்டினார்.
என் மரியாதைக்காக இருக்கும்.
கள்ளுக் கலயம் கட்டிய தென்னைகள்
ஒவ்வொன்றாக வந்து, நின்று, போயின.

பெல்ட்டை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்துக்கொண்டேன்.
"காமெரா போயிருச்சுங்க" என்றேன்.