இரண்டு கந்த

நுவரெலியா ஆஸ்பத்திரி, பதினோராம் அறை.
மேசை நிறையப் படங்கள்.
கரட்டைக் காட்டினார் திலினி மிஸ்.
"தயட்" என்றான்.
பெயரைக் கேட்டார்.
"தேதாயன்."
கேதாரன், நான் வைத்த பெயர்.
நாலு வயதில் அதன் இரு பக்கமும் நொறுங்கி
நடுவில் ஒரு தா மட்டும் தப்பியிருக்கிறது.

அடுத்த படம்: குடை, கம்பி கம்பியாய்த் தண்ணீர்.
"மள" என்றான்.
மிஸ் தாளில் ஏதோ குறித்தார்.
பிறகு என்னிடம்: "அப்பா சொல்லுங்க."
"மள" என்றேன்.
"மழை" என்றார் அவர்,
கண்டியில் ஆறு மாத வகுப்பில் படித்த தமிழ்,
நாக்கை உள்ளே மடித்து, அலுங்காமல்,
விளிம்பு வரை ஊற்றிய தேத்தண்ணிக் கோப்பையைக்
கீழே வைப்பது போல.
வருசத்தில் பாதி நாள் கந்தப்பளையில் நனைகிறவன் நான்.
எனக்கு வராத ழ
ஒரு சிங்களப் பிள்ளையின் வாயில் சுகமாயிருந்தது.
வெட்கம். கூடவே சிரிப்பு.
குறித்ததை அவரே வெட்டினார்.
"அது பிழையில்ல. வீட்டுல உள்ளதத்தான் எடுத்திருக்கான்."

பிறகு சிங்களப் படங்கள்.
நான் லீக்ஸ் மூட்டை ஏற்றப் போய்விட்டால்
இவனுக்குச் சோறு ஊட்டுகிறவர் சோமலதா நெந்தா.
பருப்போடு பிசைந்து உள்ளே போன பாஷை அது.

வெட்டிக் கிடந்த அடிமரம்: "தந்த."
பனி மூடிய மலை: "தந்த."
"ரெண்டும் ஒண்ணுதானே மிஸ்" என்றேன்.
பையன் திரும்பிப் பார்த்தான்,
பஸ்ஸில் தெரியாத ஆள் தோளில் தூங்கி விழுந்தால்
பார்ப்பார்களே, அப்படி.

மறுபடி சொன்னான். மிஸ்ஸும் சொல்லிக் காட்டினார்.
மலையில், மூக்கு நின்று நிதானிக்கிறது.
மரத்தில், மூக்கைத் தொட்டும் தொடாமலும்
ஒலி ஓடிவிடுகிறது.
அரை ந். இல்லை, கால் ந்.
நம் எழுத்தில் அதற்கு இடமில்லை,
எழுதினால் இரண்டும் கந்த.
தம்புள்ளைச் சந்தையில் என் சிங்களத்துக்குச் சிரிப்பார்கள்.
எதற்கென்று ஒருவரும் சொன்னதில்லை.
(எங்கள் ஊர்ப் பெயரிலும் ஒரு கந்த இருக்கிறது.
முப்பத்தைந்து வருசமாய் அதை
முருகன் என்று நினைத்திருந்தேன்.)

"க ரெண்டு பாஷையிலயும் இல்ல," என்றார் மிஸ்,
"ஒண்ணுல மட்டும் இல்லாட்டி நான் பயப்பட மாட்டேன்.
இதுக்குக் கொஞ்சம் வேலை செய்யணும்.
ஆனா ரெண்டு பாஷையால வந்ததில்ல இது.
ஒண்ணையும் நிப்பாட்டிறாதீங்க."

நிப்பாட்டவா என்று கேட்கத்தான்
ஒரு நாள் சம்பளத்தை விட்டு வந்திருந்தேன்.
கேட்கவில்லை.

அன்று பின்னேரம் முற்றத்தில் கொப்பளித்தோம்,
தலையை நிமிர்த்தி, தண்ணீரைத் தொண்டையில் நிறுத்தி.
அங்கேதான் இருக்கிறதாம் க.
எனக்குப் புரையேறியது.
அவனுக்கு ஒரு கரகரப்பு வந்தது,
வந்ததைக் கண்டு அவனே பயந்து
எல்லாத் தண்ணீரையும் என் சட்டையில் துப்பினான்.

இரவு பத்துக்கு லொறி.
ரம்பொடை வளைவுகளில், இருட்டில்,
உதட்டுக்குள்ளேயே சொல்லிக்கொண்டு போனேன்.
கந்த. கந்த.
மரம் வரவில்லை.
எல்லாம் மலையாகவே வந்தது.
"தடிமனா அண்ணே?" என்றான் ஸ்டியரிங்கில் இருந்த ஜவ்பர்,
கண்ணாடியை ஏற்றிவிட்டு.