வாரக் கணக்கு

டுலூத் நகரம். லூத்தரன் தேவாலயத்தின் நிலவறைக் கூடம்.
வியாழன் மாலை ஐந்தரை.
எடைமேடைக்கு முன்னால் வரிசை.
பனிக்காலணியைக் கழற்றுகிறார்கள் எல்லாரும்.
ஒருத்தி தோட்டையும் கழற்றுகிறாள்.
மார்லிஸ் நைகார்ட் இடுப்பிலிருந்து
சாவிக்கொத்தை எடுத்து ஓரமாக வைக்கிறாள்:
பதினேழு சாவி, கால் பவுண்டாவது தேறும்.

மேசையில் மூன்று தாள்கள்.
முதலாவதில் நாளைக்குப் பதினாறு புள்ளி.
முட்டை, மீன், பீன்ஸ், தோலுரித்த கோழிக்குக்
கணக்கே இல்லை, எல்லாம் பூஜ்யம்.
இரண்டாவதில் முப்பது.
ஆனால் காய்கனி தவிர
வாய்க்குள் போகும் எதற்கும் விலையுண்டு.
மூன்றாவதை யாரும் புரட்டவில்லை.
வாரத்துக்கு மொத்தமாக நூற்றெண்பது,
எப்படியும் செலவழி, கடன் மட்டும் கிடையாது.

"உங்க வாழ்க்கைக்கு எது ஒத்துவருமோ அது,"
என்கிறாள் வகுப்பை நடத்தும் ட்வைலா.

மார்லிஸின் வாழ்க்கை
இரவு பத்து மணிக்குப் பனிவாரி லாரியில் ஏறும்.
காலை ஆறரைக்கு இறங்கும்.
தாளில் அதற்கென்று ஒரு கட்டமும் இல்லை.

முதல் தாளை எடுத்துப் போனாள்.
ஹீட்டர் ஊதும் கேபினுக்குள்
ஒரே இரவில் ஏழு அவித்த முட்டை.
பூஜ்யத்தை ஏழால் பெருக்கினாலும் பூஜ்யம்தான்.
அவள் வயிறு வேறு வாய்ப்பாடு படித்திருந்தது.
அடுத்த ஷிப்டில் அந்த லாரியை எடுத்த கார்வின்
மைனஸ் இருபதில்
இரண்டு கண்ணாடிகளையும் இறக்கி ஓட்டினான்.

இரண்டாவது தாளைக் கெடுத்தது கடிகாரம்.
நள்ளிரவு பன்னிரண்டுக்குக் கைபேசி
பழையதைத் துடைத்துப் புது முப்பதைத் தரும்.
அவளுக்கு அது நாளின் நடுப்பகல்.
மிச்சமிருந்த ஒன்பதை விட மனமில்லாமல்
பதினொன்று ஐம்பதுக்கு ஒரு பட்டைப் பன்.
பன்னிரண்டு ஐந்துக்கு,
நாள்தான் பிறந்துவிட்டதே என்று, இன்னொன்று.
ஒரே பை, ஒரே கை, ஒரே பசி,
இரண்டு தேதி.
வியாழனன்று எடை ஒன்றரை பவுண்டு கூடியிருந்தது.
ட்வைலா முகத்தில் எதையும் காட்டவில்லை.
அதுதான் சுருக்கென்றது.

"அப்ப மூணாவது," என்றாள் மார்லிஸ்.
ட்வைலா தயங்கினாள்.
"அதுல நிறையப் பேர் சனிக்கிழமைக்குள்ள காலி பண்ணிடறாங்க.
பங்கு போட்டுச் சாப்பிடணும். வருமா?"

மார்லிஸ் கொஞ்சம் யோசித்தாள்.
ஒரு லோடு உப்பு. இருபத்தெட்டு மைல் சாலை.
ஏரிக்கரையில் தாராளமாகத் தூவிவிட்டால்
மேட்டுத் தெருவில் பள்ளிப் பேருந்து வழுக்கும்.
பயந்து பயந்து மிச்சம்பிடித்தால்
பாதி லோடோடு திரும்பி நின்று
டிப்போவில் பதில் சொல்லவேண்டும்.
காற்று எந்தப் பக்கம், பாலம் எவ்வளவு கேட்கும்,
எந்த வளைவு சும்மா பயமுறுத்தும்:
பத்தொன்பது குளிர்காலமாகக் கைக்குத் தெரியும்.

"பார்க்கலாம்," என்றாள்.

செவ்வாய்க்கிழமை ஏரியிலிருந்து புயல்.
பதினான்கு மணி நேர வேலை.
பெட்ரோல் பங்கில் காபியோடு
ஒரு முழு ஹாம் சாண்ட்விச், சீஸும் சேர்த்து,
குற்றவுணர்ச்சி சேர்க்காமல்.
பதினேழு புள்ளி. பாலத்துக்குப் போடுகிற உப்பு அது.
புதனன்று சூப்பு, ஆப்பிள், தூக்கம்.
ஞாயிறு தேவாலய விருந்தில்
நாத்தனார் பெவர்லியின் உருளைக்கிழங்கு ஹாட்டிஷ்;
ஒரு கரண்டி எடுத்தாள்.
இன்னொன்றும் எடுத்தாள், அதையும் எழுதினாள்.

மூன்று வாரத்தில் இரண்டேகால் பவுண்டு.
பக்கத்து நாற்காலிக்காரி ஆறு குறைத்திருந்தாள்,
அவளுக்குத்தான் கைதட்டினார்கள்.
மார்லிஸும் தட்டினாள்.
பிறகு சாவிக்கொத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டாள்.

இரவு ஒன்று பத்து.
உப்புச் சீட்டின் பின்பக்கம் பென்சில் கணக்கு:
மூன்று நாளுக்கு அறுபத்தொன்று.
முன்விளக்கில் பனி மறுபடி விழத் தொடங்குகிறது.
வாரித் தகட்டை இறக்குகிறாள்.
பாதி ஆரஞ்சு
பல்லிடுக்கில்.