கொடிகளுக்கு நடுவே

ஏரி இருந்த காலத்தில்
இங்கே ஒரு சுழி இருந்ததாம்.
படகை விழுங்கும் சுழி.
கொடி நட்டு எச்சரித்தார்களாம்,
அதனால் பாந்தித்லான்:
கொடிகளுக்கு நடுவே.
ஏரியை வற்றடித்து, மண் கொட்டி,
நான்கு ரயில் பாதைகளை இங்கே முடிச்சுப் போட்டார்கள்.
சுழி மட்டும் எங்கும் போகவில்லை.
காலை ஐந்தரைக்கு வந்து பாருங்கள்.

நேசாவிலிருந்து, லா பாஸிலிருந்து,
சிமால்வகானின் புழுதித் தெருக்களிலிருந்து
பாதித் தூக்கத்து முகங்களை
ஊதாப் பாதை கொண்டுவந்து கொட்டும்.
அந்தப் பக்கம் தரை இன்னும் அமிழ்கிறது;
ரயில்கூட
படகுபோல் ஏறி இறங்கித்தான் வரும்.

நான் அக்ரிக்கோலா ஓரியென்தால்காரி.
காப்பி நிறப் பாதைக்குப் போகிறவள்.
நெரிசலில் கைகளை மார்போடு கட்டிக்கொள்ளப் பழகியவள்.
ஆறு வருடத்தில் யாரிடமும் பேசியதில்லை,
"இறங்கப் போறீங்களா?" தவிர.

அந்தச் செவ்வாய்க்கு முந்தைய இரவெல்லாம் மழை.
மேம்பாலத்தை இரும்புத் தடுப்பால்
நீளவாக்கில் பிளந்திருந்தார்கள்.
போகிறவர் இந்தப் பக்கம், வருகிறவர் அந்தப் பக்கம்,
நிற்கவே கூடாது.
போலீஸ்காரி விசிலை வாயிலிருந்து எடுக்கவில்லை.

எனக்கு முன்னால், துப்புரவுச் சீருடையில் ஒருத்தி,
"எவாரிஸ்தோ!" என்று கத்தினாள்.
தடுப்புக்கு அப்பால்
ஒரு காவலாளித் தொப்பி திரும்பியது.
இரவு வேலை முடிந்த கண்கள்.
வீட்டுக்கு ஒரே சாவி போலிருக்கிறது.
தினமும் இங்கேதான் கை மாறுமோ என்னவோ.

அதற்குள் கூட்டம்
அவளை முன்னே தள்ளியது, அவனைப் பின்னே.
பக்கத்தில் வந்த கிதார் பையன் கையில்
சாவியைத் திணித்தாள்.
"தொப்பிக்காரருக்கு."
அவ்வளவுதான் சொன்னாள்.
பையன் என் பக்கம் நீட்டினான்.
கட்டிய கையை நான் அவிழ்க்க வேண்டியிருந்தது.

சிவப்பு நூல் சுற்றிய சாவி.
வெதுவெதுப்பாக இருந்தது.
ஒரு மூச்சு நேரம் அந்த வீடு என்னிடம் இருந்தது,
கதவு, கட்டில், நேற்றைய பாத்திரம் எல்லாமாக.
போலீஸ்காரியிடம் நீட்டினேன்.
முறைத்தாள்.
விசிலைக் கடித்தபடியே வாங்கி
தடுப்புக்கு மேலே
தமால் வாளி சுமந்தவரிடம் கொடுத்தாள்.
பிறகு தெரியாது.
கழுத்தைத் திருப்ப இடமில்லை.

சேர்ந்திருக்கும்.
சேராவிட்டால்
நேசாவில் ஒருவன்
பூட்டிய கதவில் சாய்ந்து
தொப்பியால் முகம் மூடித்
தூங்கிக்கொண்டிருப்பான்.

காப்பி நிறப் பாதையில் ஏறியதும்
உள்ளங்கையை முகர்ந்து பார்த்தேன்.
பிளீச்சிங் வாசம்.
கைகளைத் திரும்பவும் கட்டிக்கொண்டேன்,
வலது கை மட்டும்
கொஞ்சம் தளர்வாக.